எந்தப் பாடத்துக்கு எந்த முறை?

செமஸ்டர் தொடங்கியதும் எந்த யூனிட்டை எப்போது முடிப்பது என்று கணக்குப் போடுகிறோம். எப்படி நடத்துவது என்று யோசிப்பது குறைவு. கை தானாகச் சாக்பீஸுக்குப் போய்விடுகிறது.

விரிவுரையைக் குறை சொல்ல மாட்டேன். புதிய தலைப்பை அறிமுகப்படுத்தவும் நீண்ட நிரூபணத்தைப் படிப்படியாகக் காட்டவும் அதுவே சுருக்கு வழி. ஆனால் மாணவர் மனத்தில் ஏற்கெனவே ஊறிய தப்பெண்ணத்தை அது அசைப்பதில்லை. லாரியும் காரும் நேருக்கு நேர் மோதினால் எதன்மேல் அதிக விசை? நியூட்டனின் மூன்றாம் விதியை அட்சரம் பிசகாமல் எழுதுபவரே "கார்மேல்தான் சார்" என்பார். இரண்டின்மேலும் சமம்தான்.

இத்தகைய பாடங்களுக்கு, ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த சகமாணவர் முறையே என் தேர்வு. கேள்வியைப் போடுங்கள். ஒரு நிமிடம் தனியாக யோசித்து, ஏ, பி, சி அட்டையை எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கட்டும். கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தூக்குவார்கள். பெரும்பாலோர் சரியென்றால் மேலே போகலாம். வெகுசிலர்தான் என்றால் மறுபடி விளக்க வேண்டும். பாதிக்குப் பாதி பிரிந்தால் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு மீண்டும் கேளுங்கள். அறுபது பேர் வகுப்பிலும் நடக்கும், செலவும் இல்லை.

வீட்டில் காணொளி, வகுப்பில் பயிற்சி என்னும் தலைகீழ் வகுப்பு, கணக்குப்பதிவியல், நிரலாக்கம் போன்ற கைப்பழக்கப் பாடங்களுக்குப் பொருந்தும். மாணவர்கள் பார்க்காமல் வந்தால் அன்றைய வகுப்பே படுத்துவிடும். மாலையில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்றால் தவிர்த்துவிடலாம்.

கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரி 1969இல் தொடங்கிய, ஒரு சிக்கலைத் தீர்த்தபடியே பாடத்தைக் கற்கும் சிக்கல்வழிக் கற்றலுக்குச் சிறு குழுக்களும், குழுவுக்கொரு வழிநடத்துநரும் வேண்டும். தனி ஆளாக அறுபது பேரை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்ற வகுப்புகளில் 21.8. ஆனால் ஹார்வர்டில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், பங்கேற்று அதிகம் கற்றவர்களே குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். ஆகவே "சார் நடத்தவே இல்லை" என்று கருத்துப் படிவத்தில் எழுதினால் உடனே பழைய வழிக்குத் திரும்பிவிடாதீர்கள். விடைத்தாளைத் திருத்திவிட்டு முடிவெடுங்கள்.