மொழி கடந்த வாசிப்பு

நுழையும்முன்

அறிந்த மொழியில் படிப்பது எளிது. புகழ் தேடித் தந்த மொழியை ஒதுக்கிவைத்துவிட்டு, அரைகுறையாய்த் தெரிந்த மொழியில் மட்டுமே படிப்பதென உறுதிபூணுவது அரிது. அவ்வாறு செய்த எழுத்தாளர் ஒருவரின் வாசிப்பு முறையை இப்பாடம் விளக்குகிறது.

இரு மொழிகளுக்கிடையே

ஜும்பா லாகிரி 1967ஆம் ஆண்டு இலண்டனில் வங்காளப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவில் குடியேறியவர். தந்தை பல்கலைக்கழக நூலகர். வீட்டில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் வழங்கின. தாய்மொழியைப் பேசக் கற்ற அவருக்கு அதன் எழுத்து கைவரவில்லை. ஆங்கிலமோ, மாற்றாந்தாயைப் போன்றது என அவரே கருதினார். எனினும், அம்மொழியில் எழுதிய முதல் சிறுகதைத் தொகுப்புக்கு 2000ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பென்சிலும் அகராதியும்

1994ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகருக்குப் புறப்படுமுன் கையடக்க அகராதி ஒன்றை வாங்கினார். இத்தாலிய மொழி அவரை ஈர்த்தது. 2012ஆம் ஆண்டு குடும்பத்துடன் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு ஏறத்தாழ ஆறு திங்களுக்கு முன்பே ஆங்கில நூல்களைப் படிப்பதை நிறுத்திவிட்டார்.

விரைந்து படித்துப் பழகியவர், மொராவியா, பவேசே முதலியோரின் நூல்களை எழுத்தெண்ணிப் படிக்கத் தொடங்கினார். கையில் எப்போதும் பென்சில் இருந்தது. புரியாத சொற்களை அடிக்கோடிட்டார். அகராதியில் பொருள் தேடினார். சொற்களைக் குறிப்பேட்டில் தொகுத்தார். எழுதிய சொற்களுள் பல நினைவில் நிற்கவில்லை. மறந்த சொல்லை மீண்டும் தேடினார். முனைவர் பட்டம் பெற்றவர், தொடக்கநிலை மாணவரைப் போலத் தடுமாறத் தயங்கவில்லை.

வாசிப்பு எழுத்தான விதம்

ரோம் நகருக்கு வந்த சில நாள்களிலேயே தம் நாட்குறிப்பை இத்தாலியத்தில் எழுதத் தொடங்கினார். பிழைகள் மலிந்திருந்தும் எழுதுவதை விடவில்லை. அம்முயற்சி, 'வேறு சொற்களில்' எனப் பொருள்படும் தலைப்பில் 2015ஆம் ஆண்டு இத்தாலிய நூலாக வெளிவந்தது. அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியை அவர் ஏற்கவில்லை. ஆன் கோல்ட்ஸ்டைன் என்பவரே மொழிபெயர்த்தார். தாம் பெயர்த்தால், ஆங்கிலத்தில் தமக்குள்ள தேர்ச்சி, இத்தாலியத்தில் எழுதிய எளிய நடையை மாற்றிவிடும் என லாகிரி அஞ்சினார்.

2018ஆம் ஆண்டு முழு நாவலையே இத்தாலியத்தில் எழுதினார். இத்தாலியச் சிறுகதையாசிரியர் நாற்பதின்மரின் கதைகளைத் தொகுத்து, 2019ஆம் ஆண்டு ஆங்கில வாசகர்க்கு வழங்கினார். சொல் சேர்க்கத் தொடங்கிய வாசகர், இரு மொழிகளுக்கும் பாலமானார்.

தேர்ந்த மொழி

வங்காளம் பிறப்பால் வந்தது. ஆங்கிலம் வாழிடத்தால் வந்தது. இத்தாலியத்தை அவர் தாமே தேர்ந்தார். அத்தேர்வுக்கு உரிமை தந்தது அன்றாட வாசிப்பே. புரியாத பக்கத்தைக் கண்டு நூலை மூடிவிடுவோர் பலர். அப்பக்கத்திலேயே பொறுமையுடன் தங்குவோர்க்கு மொழி தன் வாயிலைத் திறக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் படிக்கும் நூலில் பொருள் விளங்காத பத்துச் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி, அகராதியின் துணையுடன் பொருள் காண்க. ஒரு வாரத்திற்குப் பின் நினைவில் நிற்பவை எவை எனக் காண்க.

2. 'தாய்மொழியைப் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாமை' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.