பூட்டு யார் பொறுப்பு?



உங்களில் சிலர் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருப்பீர்கள். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போய் வந்தவர்களும் இருக்கலாம். அங்கே நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். துப்பாக்கிகள் பூட்டிய ஆயுத அறையிலிருந்து கணக்கு எழுதி எடுத்து வரப்படுகின்றன. தோட்டாக்கள் தனியே வருகின்றன. ஒவ்வொருவருக்கும் எண்ணித்தான் கொடுக்கிறார்கள். பயிற்றுநர் கட்டளையிடும் வரை டிரிக்கரில் யாரும் விரல் வைக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் காலி உறைகளைக்கூட எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

"ஒரு சில குண்டுகளைச் சுடுவதற்கு இவ்வளவு கெடுபிடியா?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இக்கேள்விக்கு விடை தேட நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். இந்தக் கெடுபிடி இல்லாத வீடுகளில் குழந்தைகளுக்கு என்ன நேர்கிறது என்பதை அங்குள்ள மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள்.

மக்களைவிட அதிகம்

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பொதுவாக உரிமமும் கிடையாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அங்கே பொதுமக்களிடம் மட்டும் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருந்தன. அப்போது அந்நாட்டின் மக்கள்தொகையோ 33 கோடியைக்கூட எட்டவில்லை! தோட்டா நிரப்பிய, பூட்டப்படாத துப்பாக்கி ஒன்றாவது இருக்கும் வீடுகளில் ஏறத்தாழ 46 லட்சம் குழந்தைகள் வாழ்வதாக 2015ஆம் ஆண்டில் நடந்த ஒரு கணக்கெடுப்பு காட்டியது.

இதன் விளைவு என்ன? 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு அங்கே பல பத்தாண்டுகளாக மோட்டார் வாகன விபத்தே முதல் காரணமாக இருந்து வந்தது. 2020ஆம் ஆண்டில் துப்பாக்கி அதை முந்திவிட்டது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் இவ்வயதினரில் 4,300க்கும் மேற்பட்டோர் குண்டுக்குப் பலியாயினர். இவற்றில் பெரும்பாலானவை கொலைகள். அடுத்த பெரும் பகுதி, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவை. விளையாட்டாகவோ தவறுதலாகவோ சுட்டு நேர்ந்தவை ஒரு சிறு பகுதி.

வாகன விபத்து மரணங்கள் குறைந்தது எப்படி என்பதையும் கவனியுங்கள். குழந்தைகள் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை. பெரியவர்கள் காருக்கு இடுப்புப்பட்டையும், குழந்தைக்குத் தனி இருக்கையும், மோதினால் விரியும் காற்றுப்பையும் பொருத்தினார்கள். அதாவது பொருளையும் சூழ்நிலையையும் மாற்றினார்கள்.

ஒரு விரலின் வேலை

சிறு குழந்தைக்கு டிரிக்கரை இழுக்கும் பலம் இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். இது உண்மைதானா? 1995ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. இரு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் சேர்த்து இழுக்கச் சொன்னபோது, 3, 4 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேரால் 10 பவுண்டு விசை தர முடிந்தது. 5, 6 வயதில் நூற்றுக்கு 70 பேர். 7, 8 வயதில் 90 பேர். பல கைத்துப்பாக்கிகளைச் சுட இந்த விசையே போதும்.

இனி நீங்கள் படித்த இயற்பியலைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோமா? 10 பவுண்டு என்பது சுமார் 44 நியூட்டன். டிரிக்கர் ஒரு சென்டிமீட்டர் நகர்வதாகக் கொண்டால், விரல் செய்யும் வேலை 0.44 ஜூல்தான். ஆனால் 8 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு 360 மீட்டர் வேகத்தில் வெளியே வந்தால் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? நிறையைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டால் வகுங்கள். ஏறத்தாழ 518 ஜூல்! விரல் செய்த வேலையைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

இந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? தோட்டாவின் உறைக்குள் இருக்கும் வெடித்தூளிலிருந்து. டிரிக்கரை இழுத்ததும் ஓர் ஊசி தோட்டாவின் அடியைத் தட்டுகிறது, தீப்பொறி எழுகிறது, தூள் எரிந்து வாயுவாகி, குண்டை முன்னே தள்ளுகிறது. ஆகவே குழந்தையின் பலம் குண்டைச் செலுத்துவதில்லை. ஏற்கெனவே அடைத்து வைத்த ஆற்றலுக்குக் கதவைத் திறந்து விடுகிறது, அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 160 கிராம் கிரிக்கெட் பந்து வினாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 128 ஜூல். குண்டில் இதைப் போல் நான்கு மடங்கு. அதுவும் 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டத்தில் குவிந்து தாக்குகிறது. காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். எனவே சத்தம் கேட்டு ஒதுங்கலாம் என்பதற்கும் வழியில்லை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. தோட்டாப் பெட்டியைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைத்துவிடுகிறார்கள். குழலின் பின்பக்க அறையில் ஏற்கெனவே ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கக்கூடும். ஒருவர் உயிரைப் பறிக்க அந்த ஒன்றே போதும்.

சொல்லிக் கொடுத்தால் போதாதா?

"தொடாதே என்று குழந்தைக்குச் சொல்லி வளர்த்தால் போதும்" என்பது பல பெற்றோர்களின் வாதம். அட்லாண்டா நகரில் நடந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. 8 முதல் 12 வயது வரையுள்ள 64 சிறுவர்களை இருவர், மூவராக 29 குழுக்களாக்கி, ஓர் அறையில் 15 நிமிடம் விட்டார்கள். அங்கிருந்த மேசை இழுப்பறைகளில் தண்ணீர்த் துப்பாக்கிகளும், தோட்டா இல்லாத உண்மையான கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தன. ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடி வழியே ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

21 குழுக்கள் உண்மைத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. அவற்றில் 16 குழுக்கள் அதைக் கையில் எடுத்தன. 10 குழுக்களில் ஒருவராவது டிரிக்கரை இழுத்தார். கண்டுபிடித்த சிறுவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது பொம்மையா, உண்மையா என்று தெரியவில்லை. இதில் மிக முக்கியமான செய்தி எது தெரியுமா? துப்பாக்கியைத் தொட்டவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டவர்கள்!

இச்சிறுவர்கள் கெட்டவர்கள் அல்லர். இழுப்பறையைத் திறந்து பார்க்கும் ஆவல் இந்த வயதின் இயல்பு. அந்த ஆவல்தான் உங்களை இந்தப் பத்திரிகையையும் படிக்க வைக்கிறது.

"எங்கள் வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்பது குழந்தைக்குத் தெரியாது" என்று சொல்பவர்களும் உண்டு. அலபாமா மாநிலத்தில் நடந்த, 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டார்கள். அப்படிச் சொன்ன பெற்றோர்களில் நூற்றுக்கு 39 பேரின் பிள்ளைகளுக்கு அந்த இடம் தெரிந்தே இருந்தது. ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு என்பது இப்போது புரிகிறதல்லவா?

நான்கு பழக்கங்கள்

2005ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு நான்கு பழக்கங்களை எடுத்துக்கொண்டது. துப்பாக்கியில் தோட்டா இல்லாமல் வைப்பது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது. தோட்டாவை வேறிடத்தில் வைப்பது. தோட்டாவையும் பூட்டி வைப்பது. இவை ஒவ்வொன்றும் உள்ள வீடுகளில் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் ஆபத்து குறைவாகவே இருந்தது. தவறுதலாகச் சுடுவது மட்டுமல்ல, தற்கொலையும் குறைவு. மனம் உடைந்த வேளை பெரும்பாலும் கடந்து போய்விடக் கூடியது. பூட்டு அதைக் கடப்பதற்கு அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் ஒருவர் வந்து பேசலாம், தோளில் கை வைக்கலாம்.

சட்டமும் மெல்ல இவ்வழியில் வந்திருக்கிறது. குழந்தையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை விட்டுவைக்கும் பெரியவரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை 1989ஆம் ஆண்டில் முதன்முதலாக ஃபுளோரிடா மாநிலம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2021ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தின் ஒரு பள்ளியில் 15 வயது மாணவன் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். அத்துப்பாக்கியைச் சில நாட்களுக்கு முன் வாங்கியவர் அவனுடைய தந்தை. 2024ஆம் ஆண்டில் தாய், தந்தை இருவரும் அந்த மரணங்களுக்குப் பொறுப்பானவர்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, குறைந்தது 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

துப்பாக்கியையோ தோட்டாவையோ எங்கே கண்டாலும் தொடாதீர்கள். பொம்மை போலத் தோன்றினாலும் விலகிச் சென்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். இது உங்கள் கடமை. ஆனால் அதை உங்கள் கண்ணில் படாமல், கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பது பெரியவர்களின் கடமை. முதல் கடமை இரண்டாவதற்கு ஈடாகாது.

"எங்கள் வீட்டில்தான் துப்பாக்கி இல்லையே!" என்கிறீர்களா? நல்லதுதான். ஆனால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது? மாத்திரைகள் எங்கே? 1970ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றி, சிறு குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடிகளை மருந்துப் புட்டிகளுக்குக் கட்டாயமாக்கியது. மருந்தை விழுங்கி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அங்கும் மாறியது குழந்தை அல்ல, மூடி!

இன்று மாலை உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள், மூன்று வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் ஆபத்தான பொருள்கள் எவை என்று பட்டியல் எழுதுங்கள். அதை அப்பா, அம்மாவிடம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் உயரமான, பூட்டிய இடம் ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் பெரியவர்கள் ஆகிவிடுவீர்கள். அப்போது சாவி உங்கள் கையில்தான் இருக்கும்.