பீஸ் பாக்கியும் வழக்குத் தவணையும்

பதுளையில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் வழக்கு விடயங்களைப் பார்ப்பது என் வேலை. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை பக்கத் தோட்டங்களில் இருந்து வழக்குத் தோற்றுப்போய் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கடைசித் தவணைக்குப் போனீங்களா?" என்பதைத்தான். "லோயர் ஐயாவுக்குக் குடுக்கக் காசு இல்லீங்க. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?" என்பார்கள்.

வழக்குப் போட்டவர் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகலாம். எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக விளங்கித் தீர்ப்புச் சொல்லிவிடலாம். பீஸ் பாக்கிக்குக் கூச்சப்பட்டு வழக்கையே இழக்கிறார்கள். பாக்கி உங்களுக்கும் சட்டத்தரணிக்கும் இடையில் உள்ள கடன். கையில் ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் தவணைக்குப் போங்கள். பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று, இன்று எனக்காக யாரும் ஆஜராகவில்லை, இன்னொரு தவணை தாருங்கள் என்று கேளுங்கள். இங்கே வழக்கு சிங்களத்தில்தான் நடக்கும். ஆனால் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பு அரசின் செலவில் கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. அதற்காக யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

கட்டணச் சண்டை பெரும்பாலும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஹாலி-எல பக்கத்து அக்கா ஒருவர் தன் கடதாசிகளை ஒரு ஷொப்பிங் பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அடையாள அட்டைப் பிரதி, சம்பளத் துண்டுகள், சட்டத்தரணியின் விசிட்டிங் கார்டுகள். ஒவ்வொரு கார்டின் பின்னாலும் அடுத்த தவணைத் திகதி பேனையால் எழுதியிருந்தது. எதிலும் தொகை இல்லை. முதலில் கொடுத்த காசு முழு வழக்குக்கும் என்று அக்கா நம்பியிருந்தார். அது வழக்கைத் தாக்கல் செய்யத்தான், ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கட்டணம் என்பது சட்டத்தரணியின் கணக்கு. இருவருமே பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு தொகை கிளார்க் கையிலும், இன்னொன்று தோட்டத் தலைவர் மூலமாகவும் போயிருந்தது. அவை வந்து சேர்ந்ததற்குத் துண்டு இல்லை.

2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. பதுளைக்கு வந்து போகிற நாளில் அந்தச் சம்பளமும் இல்லை, பஸ் காசு வேறு. இப்படிப்பட்டவர் கட்டணத்தைப் பேசிக் கேட்பதை எந்த நல்ல சட்டத்தரணியும் மரியாதைக் குறைவாக எடுக்கமாட்டார். வழக்குக்கு மொத்தமாகவா, தவணைக்கு இவ்வளவா? தவணை ஒத்திப்போனாலும் கட்டணமா? முத்திரை, தட்டச்சு, பிரதிச் செலவு இதில் அடங்குமா? அப்பீல் போனால் புதிதாகப் பேச வேண்டுமா? பதிலை ஒரு கொப்பியில் எழுதி, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டுங்கள். காசை அவர் கையில் மட்டும் கொடுத்து, துண்டு வாங்குங்கள். உறுதி போன்ற மூலப் பத்திரங்களைக் கொடுக்க நேர்ந்தால் அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். வேலை பார்த்தவருக்குக் கூலி போய்ச் சேரவேண்டும். காலையிலிருந்து கோர்ட்டில் காத்து நிற்கும் இளம் சட்டத்தரணிக்கும் அது சாப்பாட்டுக் காசுதான்.

பாக்கிக்காக வழக்குப் போடுவேன் என்று சட்டத்தரணி சொன்னால் பயப்பட வேண்டாம். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 215ஆம் பிரிவின்படி, பதிவுசெய்த சட்டத்தரணி தான் கையெழுத்திட்ட பில்லைக் கொடுத்து ஒரு மாதம் கழிந்த பிறகுதான் கட்டணம் கேட்டு வழக்குப் போடலாம். அதனால் பில்லை எழுத்தில் கேளுங்கள். கொப்பியையும் துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும். சட்டத்தரணியை மாற்றுவதென்றால் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதாது. முன்னையவருக்கு உங்கள் சார்பில் ஆஜராகக் கொடுத்த அதிகாரப் பத்திரமான புரொக்சியை நீதிமன்ற அனுமதியோடு எழுத்தில் இரத்துச் செய்ய வேண்டும்.

வழக்கில் கிடைத்த நட்டஈட்டையே சட்டத்தரணி தராமல் வைத்துக்கொண்டால் அது வேறு விடயம். சட்டத்தரணிகள் மீது ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. சத்தியக்கடதாசியோடு அங்கே முறையிடலாம்.

சட்டத்தரணியே தேவைப்படாத இடங்களும் உண்டு. ஊழியர் சேமலாப நிதியோ, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்குரிய சேவைக்காலப் பணமோ (பணிக்கொடை) கிடைக்காவிட்டால் தொழில் திணைக்களத்தின் பதுளைக் காரியாலயத்தில் நேரே முறையிடலாம். பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலையில் இருந்து நிறுத்தியிருந்தால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுப் போட வேண்டும். அங்கே தொழிற்சங்கப் பிரதிநிதியும் ஆஜராகலாம். காணி, குடும்ப வழக்கு என்றால் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் பதுளையிலேயே கிளை உண்டு. வருமானம் குறைந்தவர்கள் அங்கே போகும்போது அடையாள அட்டை, சம்பளத் துண்டு, வழக்குக் கடதாசி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.