சுவாச வைரஸ் நோய்களும் ஆய்வுக்கூடப் பரிசோதனையும்

காய்ச்சல், இருமல், தொண்டைவலி ஆகிய அறிகுறிகள் இன்ஃப்ளுயன்ஸா வைரசாலும் தோன்றும். அடினோ வைரஸ், கொரோனா வைரஸ் முதலியவற்றாலும் தோன்றும். எனவே, அறிகுறிகளை மட்டும் கொண்டு இன்ன வைரஸ் என்று உறுதி செய்வது அரிது. ஆய்வுக்கூடம் காரணத்தைக் கண்டறிந்தால், வைரசுக்கு எதிராகப் பயன்படாத ஆன்டிபயாடிக் மருந்துகளை வீணே வழங்குவதைத் தவிர்க்கலாம். தொற்று பரவுவதையும் காலத்தில் தடுக்கலாம்.

பரிசோதனை முறைகள் நான்கு வகைப்படும். முதலாவது, கோழி முட்டைக் கருவிலோ உயிரணு வளர்ப்பிலோ வைரசை வளர்த்தெடுப்பது. தடுப்பூசிக்குரிய வைரசைத் தேர்ந்தெடுக்க இது உதவும்; எனினும் பல நாட்கள் பிடிக்கும். இரண்டாவது, வைரசின் புரதத்தைக் கண்டறிவது. விரைவு ஆன்டிஜென் சோதனை இவ்வகையினது. அரை மணி நேரத்திற்குள் முடிவு தெரியும், ஆனால் நுண்மை குறைவு. மூன்றாவது, வைரசின் மரபுப் பொருளைப் பலமடங்கு பெருக்கிக் காணும் ஆர்.டி.-பி.சி.ஆர். முறை. இது சில மணி நேரத்தில் மிக நுண்ணிய அளவையும் காட்டும். நான்காவது, இரத்தத்தில் எதிர்ப்பொருளை அளப்பது. நோயின் தொடக்கத்திலும் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பின்னரும் எடுத்த இரத்தத்தை ஒப்பிட்டு, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்துள்ளதா எனப் பார்ப்பர். இது சிகிச்சையைவிட, நோய்ப் பரவலை ஆராய்வதற்கே மிகுதியும் பயன்படும்.

எம்முறையாயினும் அதன் வெற்றி மாதிரியைப் பொறுத்தது. இன்ஃப்ளுயன்ஸாவில் முதல் மூன்று, நான்கு நாட்களிலேயே வைரஸ் மிகுதியாக வெளிப்படும். செயற்கை இழை நுனியுடைய குச்சியால் மூக்கின் உட்பகுதியிலிருந்து மாதிரி எடுத்தல் வேண்டும். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு பி.சி.ஆர். வினையைத் தடுக்கக்கூடும். மாதிரியை உரிய திரவத்திலிட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், 72 மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினும் நோயுள்ளவருக்கு 'நோயில்லை' என்ற முடிவு வரக்கூடும். இதனாலேயே, 2020 ஜூன் மாதத்தில் ஆன்டிஜென் சோதனைக்கு அனுமதி வழங்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அறிகுறி இருந்தும் வைரஸ் புலப்படாதவரை பி.சி.ஆர். முறையில் மீண்டும் சோதிக்குமாறு அறிவுறுத்தியது.

இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டது 1952-இல் புனேயில் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆராய்ச்சி மையம். 1978-இல் அது தேசிய வைராலஜி நிறுவனமாயிற்று. 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் அறியப்பட்ட நாட்டின் முதல் கோவிட் நோயாளியின் மாதிரி புனேயில்தான் உறுதி செய்யப்பட்டது. அதன் பின்னர்ப் பரிசோதனை நாடெங்கும் விரிவடைந்தபோது, 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் உருவாகத் தொடங்கியிருந்த வைரஸ் ஆய்வுக்கூட வலையமைப்பு பெரிதும் கைகொடுத்தது.

கருவிகளை வாங்குவதால் மட்டும் நோயறிதல் நிறைவுறாது. மாதிரி எடுக்கும் ஊழியருக்குப் பயிற்சி, குளிர்ப்பெட்டி, போக்குவரத்து, முடிவை மருத்துவருக்கு உடனே தெரிவிக்கும் ஏற்பாடு ஆகிய நான்கும் மாவட்ட அளவில் ஒருங்கே அமைதல் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், மிக உயர்ந்த கருவியும் பயனற்றதாகிவிடும்.