சுத்தியலும் ஒரு வரிப் பகிடியும்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய வடிவேலு மீம்களையெல்லாம் பார்த்தேன். படம் தெரிவு செய்வதில் உனக்கு நல்ல கண் இருக்கிறது. 'வின்னர்' கைப்புள்ளயின் முகத்தை, வாங்கிய அடியை மறைத்துக்கொண்டு வீறாப்பாய் நிற்கிற அந்த முகத்தை, பரீட்சை முடிவுக்குப் போட்டிருக்கிறாய். அச்சொட்டான பொருத்தம். ஆனால் மேலே நீ எழுதிய வரி படத்தின் வேலையைக் கெடுக்கிறது. "மார்க்ஸைப் பார்த்ததும் சரியான கவலை" என்கிறாய். கவலையைத்தான் அவர் முகமே சொல்லிவிட்டதே! வரியில் நடந்தது இருக்கட்டும். அது எப்படி வலித்தது என்பதை வடிவேலு பார்த்துக்கொள்வார்.

அப்படி ஒரு வரியை எழுதியே பார்ப்போம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இலங்கை முழுக்கக் கரண்ட் போனது உனக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். பொழுதுபடுவதற்குள் குரங்கு மீம்கள் குவிந்துவிட்டன. நம் பக்கத்து நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அன்று நின்றுபோனது. 900 மெகாவாட் கொள்ளளவு உள்ள நிலையம்! அடுத்த நாட்களிலும் மின்வெட்டு இருந்தது.

இதற்கு முதலில் வருகிற வரி: "கரண்ட் போனதும் என் முகம்." எந்த ஊரிலும் எந்த நாளிலும் எழுதக்கூடியது. ஆகையால் யாருக்கும் சொந்தமில்லை. இரண்டாவது: "குரங்கால் கரண்ட் போய்ட்டு." பரவாயில்லை, ஒரு செய்தி வந்துவிட்டது. ஆனால் நாம் இன்னும் உள்ளே வரவில்லை. மூன்றாவதாக இப்படி எழுதிப் பார்: "குரங்கு பாய்ஞ்சது பாணந்துறையில். நுரைச்சோலைக்குப் பக்கத்து வீட்டில பேன் நின்டுட்டு." கீழே வடிவேலு மேலே அண்ணாந்து முழிக்கிறார். கரண்ட் என்ற சொல்லே தேவைப்படவில்லை, பார்த்தாயா? இரண்டு ஊர்களுக்கும் நடுவே உள்ள தூரமே சிரிப்பை உண்டாக்குகிறது. கடைசியில் பேன் நிற்கும்போது வாசிப்பவரின் கண் நேரே அந்த முகத்துக்குப் போகிறது. சிரிப்பு எந்தச் சொல்லில் வெடிக்க வேண்டுமோ அதைக் கடைசியில் வை. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் எழுதாதே, சிரிக்கிற எமோஜிகூட வேண்டாம்.

நம் ஊரில் இப்படி எவ்வளவோ இருக்கிறது. பல பேர் மூச்சுப்பிடித்து இழுத்த கரைவலையில் சொறிமுட்டை மட்டும் வந்து கிடப்பதை, கரையில் நின்று பார்க்கிற சம்மாட்டியின் முகம் ஒன்று போதாதா? சென்னையில் யாரோ எழுதிய வரியை எதற்குக் கடன் வாங்குகிறாய்?

சம்பவத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நேசமணி கதையைச் சொல்கிறேன். 2019 மே மாதக் கடைசி. கட்டடப் பொறியியல் பற்றிய முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டது. தமிழர் ஒருவர் அதன் பெயரைச் சொல்லி, அடித்தால் 'டங் டங்' என்று சத்தம் வரும் என்றும், கொன்ட்ராக்டர் நேசமணியின் தலையை உடைத்தது இதுதான் என்றும் எழுதினார். நேசமணி 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலுவின் பாத்திரம். இன்னொருவர் நேசமணி இப்போது நலமா என்று விசாரிக்க, நம்மவர்கள் விடவில்லை. மே 29 அன்று நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் உலக அளவில் டுவிட்டரில் முன்னுக்கு வந்தது. அந்தப் பதிலில் கருவி இருக்கிறது, சத்தம் இருக்கிறது, ஆள் இருக்கிறார், காயம் இருக்கிறது. சினிமாவைப் பார்க்காதவருக்கும் அது முழுச் சம்பவமாகவே போய்ச் சேரும்.

அதே மே மாதம் நம் புத்தளம் மாவட்டத்தில் நடந்ததையும் நீ அறிய வேண்டும். அப்போது நீ சின்னப்பிள்ளை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு மூன்று வாரம் கழித்து, மே 12 அன்று, சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஒரு வரி எழுதினார். ரொம்பச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். யாருக்கு, எதற்கு எழுதினார் என்பது அந்த வரிக்குள் இல்லை. ஸ்கிரீன்ஷொட்டாகப் பரவியபோது, இனி நடக்கப்போகும் தாக்குதலுக்கான மிரட்டல் என்று வாசித்தார்கள். பள்ளிவாசலுக்குக் கல்லெறிந்தார்கள், கடைகளை உடைத்தார்கள். மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் பரவி, நம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு மனிதர் வெட்டிக் கொல்லப்பட்டார். குற்றம் அடித்தவர்களுடையது, வெட்டியவர்களுடையது. அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. என்றாலும் ஒரு வரி தன்னை எழுதியவரை விட்டு எவ்வளவு தூரம் தனியே போகும் என்பதை அன்று நாம் எல்லோரும் கண்டோம்.

ஆகவே நீ எழுதும் வரிக்குள்ளேயே சம்பவம் இருக்கட்டும் என்று நான் சொல்வது சிரிப்புக்காக மட்டும் இல்லை. உன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் விளங்குகிற பாதி வரி, குழுவை விட்டு வெளியே போனால் யார் கையில் என்னவாகும் என்று உனக்குத் தெரியாது. அனுப்புவதற்கு முன் அந்தக் குழுவில் இல்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டு. உன் வெல்லும்மாவிடமே காட்டு. அவர் "இது யாருக்கு?" என்று கேட்டால் வரி இன்னும் முடியவில்லை.

கடைசியாக, உங்கள் டீச்சர் கொட்டாவி விடும்போது யாரோ எடுத்த படம். நீ அனுப்பியவற்றில் உனக்கு அதிகம் சிரிப்பு வந்தது அதற்குத்தான் என்று எழுதியிருந்தாய். வடிவேலு நாம் சிரிக்க வேண்டும் என்றே கமராவுக்கு முன் அந்த முகங்களைச் செய்தார். அது அவர் தொழில், அவர் கலை. டீச்சர் அப்படிச் செய்யவில்லை. களைத்துப்போய் இருந்தார், அவ்வளவுதான். அதை நீ அழித்துவிடு, குழுவில் போட்ட பிள்ளையையும் அழிக்கச் சொல். பரீட்சை முடிவுப் படத்துக்கு மட்டும் வேறு வரி எழுதி அனுப்பு. எத்தனை மார்க்ஸ் என்பதையும் அதிலே போடு மகள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
மாமா
கற்பிட்டி