கடுங் கிட்டப்பார்வையும் கண்ணின் திசை மாறுதலும்

மாறுகண் உடையவரை அதிர்ஷ்டசாலி என்று கூறுவது நமது நாட்டுப்புற வழக்கம். அதிர்ஷ்டம் எவ்வாறாயினும், நடுவயதில் புதிதாக ஒரு கண் மூக்கை நோக்கித் திரும்புமாயின் அதனை நோயென்றே கொள்ளுதல் வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவுக்குக் குடிநீர்ப் பணியைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, ஐம்பது வயதை நெருங்கிய மீனவர் ஒருவரைக் கண்டோம். வலையை முகத்தருகே பிடித்துக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். "ராத்திரியில ஒரு விளக்கு ரெண்டா தெரியுது ஐயா. எது நெசம்னு பார்த்துத் தோணியை விடறது?" என்றார். ஓராண்டாக அவர் இரவுத் தொழிலுக்குப் போகவில்லை. நரம்பு வாதம் என்று ஓரிடத்தில் மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். அவரது மூக்குக் கண்ணாடியின் அளவு மைனஸ் 16 என்பதை எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாமும் அன்று அதனை அறிந்திலோம். பின்னர் கண் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. மைனஸ் 6-ம் அதற்கு மேலும் கண்ணாடி தேவைப்படுவது கடுங் கிட்டப்பார்வை எனப்படும். இவர்களிற் பலருக்குக் கண் 26 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும், சிலருக்கு 30-ஐயும் கடக்கும். கண்ணைத் திருப்புவன ஆறு தசைகள். பாய்மரத்தை நாற்புறமும் இழுத்து நிறுத்தும் கயிறுகளை ஒப்பன அவை. நீண்டு பருத்த கண்ணின் பின்பாகம், மேல்தசைக்கும் வெளிப்புறத் தசைக்கும் இடையே பிதுங்கிவிடுகிறது. அப்போது வெளிப்புறத் தசை கீழே சரிகிறது. மேல்தசை மூக்குப்புறம் ஒதுங்குகிறது. கயிறு இடம் மாறினால் இழுப்பும் மாறுமன்றோ? கண் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் சாய்ந்து, வெளிப்புறமோ மேற்புறமோ திரும்ப இயலாமற் போகிறது.

இதனை ஆறாவது மூளை நரம்பின் வாதம் என்று தவறாகக் கருதுவது எளிது. அதிலும் கண் வெளிப்புறம் திரும்பாது. கிராமத்திலேயே செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லுக. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைத் தோற்றம் மறையுமாயின் கோளாறு இரு கண்களின் ஒருமிப்பில் உள்ளது. மூடிய பின்னும் நீடித்தால் புரை முதலிய வேறு காரணம் இருக்கலாம். டார்ச் ஒளியின் புள்ளி இரு கருமணிகளிலும் ஒரே இடத்தில் விழுகிறதா எனப் பார்க்கவும். பழைய நிழற்படங்களை வாங்கிப் பார்த்தால், மாறுதல் சிறிதுசிறிதாக வந்ததா என்பது விளங்கும். திடீரென வந்து, தலைவலி, வாந்தி, இமை தொங்கல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்றேனும் உடனிருப்பின் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நரம்பு வாதத்தை உண்டாக்கும் என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

மருத்துவமனையில், கண்ணை மரக்கச்செய்து இடுக்கியாற் பற்றித் திருப்பிப் பார்ப்பார்கள். நரம்பு மட்டும் செயலிழந்திருந்தால் கண் தடையின்றித் திரும்பும். தசை இறுகியிருந்தால் தடுக்கும். நாட்பட்ட வாதத்திலும் உட்தசை இறுகுமாதலால் இதுவே முடிவன்று. கண்ணின் நீளத்தை அளந்து, கண்குழியைக் குறுக்குவாட்டில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் தசைகள் சரிந்திருப்பது நேரே தெரியும். மூளையை மட்டும் படமெடுத்தால் இது கவனத்திற்குத் தப்பிவிடக்கூடும். ஆகவே, பழைய கண்ணாடியையும் அதன் சீட்டையும் நோயாளி தவறாது எடுத்துச் செல்வது நலம். 1819-இல் தொடங்கப்பெற்ற, சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை நமது பகுதியினர் அணுகத்தக்க இடம்.

உட்தசையைத் தளர்த்துவது மட்டும் இந்நோய்க்குப் பெரும்பாலும் போதுவதில்லை. சரிந்த இரு தசைகளையும் நூலால் இணைத்து, பிதுங்கிய கண்ணை உரிய இடத்தில் அமர்த்தும் முறையை ஜப்பானிய மருத்துவர் யோகோயாமா வகுத்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் மீனவருக்குச் சென்னையில் படம் எடுத்ததில் தசைச் சரிவே காரணம் எனத் தெரிந்தது. அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதன்பின் கண்ணாடியை எறிந்துவிடலாமா என்று அவர் நம்மைக் கேட்டார். அறுவை கண்ணின் திசையைத்தான் நேராக்கும்; கிட்டப்பார்வை இருந்தபடியே இருக்கும், கண்ணாடியும் வேண்டும் என்று கூறினோம். "விளக்கு ஒண்ணா தெரிஞ்சா போதும் ஐயா" என்று வலையை மீண்டும் கையிலெடுத்தார்.