கண்ணாடிப் புட்டிக்குள் கதிரவன்

தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தில் ‘சக்தியின் உருமாற்றம்’ என்றொரு பகுதி உண்டு. ஒளிச்சக்தி, வெப்பச்சக்தி, ஒலிச்சக்தி, இரசாயனச்சக்தி, மின்சக்தி, இயக்கச்சக்தி என்று பெயர்களை அவர்கள் தடையின்றி ஒப்புவித்துவிடுவார்கள். ‘மின்விசிறியில் மின்சக்தி இயக்கச்சக்தியாக உருமாறுகிறது’ என்று எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுவார்கள். ஆனால், ‘நீ காலையில் உண்ட தோசை இப்பொழுது என்னவாயிற்று?’ என்று கேட்டால், வயிற்றைத் தொட்டுக் காட்டுவதோடு நின்றுவிடுவார்கள். இதே பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் அடியெடுத்து வைத்ததும், அதே பாடம் மலாய் மொழியில் ‘தெனாகா’ என்னும் பெயருடன் வந்து நிற்கிறது. பெயரை மட்டும் மனனம் செய்த பிள்ளைக்கு அங்கே மொழியும் புதிது, பொருளும் புதிது. பொருளைத் தமிழில் கண்ணால் கண்டு அறிந்த பிள்ளைக்கோ மொழி ஒன்றே புதிது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாமல் போகும் இடம் இதுவேயாகும்.

“நாங்கள் படிக்காதவர்கள், அறிவியலை நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?” என்று தோட்டப் பெற்றோர் பலர் கேட்கின்றனர். இக்கூற்றை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பால்மரத்தோடு வாழ்நாளைக் கழித்தவர்கள் இப்பாடத்தின் உயிர்நாடியை ஏற்கெனவே அறிந்தவர்கள். அதனைப் பிள்ளைக்குக் காட்ட ஒரு கண்ணாடிப் புட்டியும் இரண்டு கப்பி மீன்களும் போதும்.

மளிகைக் கடையில் மிட்டாய் போட்டு வைக்கும் அகன்ற வாயுள்ள பெரிய புட்டியொன்றைக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டா, அதன் மிச்சம் மீனுக்கு ஆகாது. அடியில் இரண்டு விரற்கடை உயரத்திற்குக் கழுவிய மணலைப் பரப்பி, மீன் கடையில் கிடைக்கும் நீர்ப்பாசிச் செடியில் ஐந்தாறு கிளைகளை அதில் ஊன்றுங்கள். குழாய் நீரானால் அதிலுள்ள குளோரின் நீங்கும்பொருட்டு ஒரு நாள் இரண்டு நாள் அகன்ற வாளியில் திறந்து வைத்து, பின்னர் ஊற்றுங்கள். ஒரு வாரம் செடி மட்டும் இருக்கட்டும். அதன் பிறகே மீன். பெரிய வண்ணவாலை உடையவை ஆண் கப்பிகள். இரண்டும் ஆணாகவே இருக்கட்டும். ஆணும் பெண்ணுமாக விட்டால் சில வாரங்களிலேயே குஞ்சுகள் பெருகிப் புட்டி கொள்ளாமற் போய்விடும். வாயை வலைத்துணியால் கட்டிவிடுங்கள். மீனில்லாமல் தேங்கி நிற்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டிலாகும் என்பதையும், 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி கொசு பெருக இடங்கொடுப்பது குற்றம் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுவது எம் கடமை. செடி மட்டும் இருக்கும் அந்த முதல் வாரத்தில் துணி சற்றும் விலகாதிருக்க வேண்டும்.

புட்டியைக் காலை வெயில் படும் சன்னலோரம் வையுங்கள். நண்பகல் வெயில் நேராக விழும் இடம் கூடாது. நீர் சூடேறினால் அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறையும், மீன் திணறும்.

இனிப் பாடம் தொடங்கலாம். வெயில் ஏறும்போது பாசியின் இலைகளில் சிறு சிறு குமிழிகள் முத்துப் போலத் தோன்றி மேலே எழுவதைப் பிள்ளை காணும். (புதிதாக நீர் ஊற்றியவுடன் கண்ணாடிச் சுவரில் ஒட்டும் குமிழிகள் வேறு, அவை நீரில் கரைந்திருந்த காற்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டும்.) செடி சூரிய ஒளியை வாங்கி, நீரையும் கரியமிலவாயுவையும் கொண்டு சர்க்கரை செய்கிறது, மிஞ்சிய பிராணவாயுவைக் குமிழியாக வெளியிடுகிறது. ஒளிச்சக்தி இரசாயனச் சக்தியாக உருமாறும் காட்சி இதுவே. 1779-ஆம் ஆண்டில் இங்கன்ஹவுஸ் என்னும் மருத்துவர், நீருக்குள் இட்ட பச்சை இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும் இருளில் விடாமலிருப்பதையும் கண்டு, செடிக்கு வேண்டியது சூரியனின் சூடன்று, ஒளியே என்று நிறுவினார். உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதைச் செய்து பார்க்கலாம். சிறிய புட்டியொன்றில் பாசியை மட்டும் இட்டு, ஒரு நாள் முழுதும் கறுப்புத் துணியால் மூடி வைத்து, குமிழி நின்றுவிட்டதா என்று பார்க்கட்டும். மீன் உள்ள புட்டியை மூடிச் சோதிக்க வேண்டா. உயிரை வதைத்துக் கற்கும் பாடம் பாடமாகாது.

தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டுமே வாய்க்கும் ஒரு நேரம் உண்டு. விடியற்காலையில் பெற்றோர் பிரட்டுக்குப் புறப்படும் வேளையில், பிள்ளையை எழுப்பி விளக்கைப் போட்டுப் புட்டியைக் காட்டுங்கள். இரவு முழுதும் செடிக்கு ஒளியில்லை. குமிழி விடாததோடு, செடியும் மீனைப் போலவே பிராணவாயுவை உட்கொள்கிறது. ஆகையால் நீரில் பிராணவாயு மிகக் குறைந்திருப்பது விடிவதற்குச் சற்று முன்னர்தான். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், புட்டியில் மீன் மிகுந்துவிட்டது, அல்லது தின்னாத இரை அடியில் அழுகுகிறது என்று பொருள். நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, இரையை ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். கதிரவன் எழுந்து ஒரு மணி நேரம் சென்றபின் அதே மீன் அடியில் ஓடி விளையாடுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, சூரியனுக்கும் மீனின் வாலசைவுக்கும் உள்ள உறவை வாயால் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

இங்கே பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒரு செய்தியை நின்று விளக்குவது நல்லது. புட்டிக்குள் பொருள் சுற்றிச் சுற்றி வருகிறது. மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது. செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்கிறது. மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. ஆனால் சக்தி அவ்வாறு சுற்றி வருவதில்லை. அது சன்னல் வழியே ஒளியாக நுழைகிறது. செடியில் சர்க்கரையாக நிற்கிறது. உயிர்களின் அசைவிலும் மூச்சிலும் வெப்பமாக மாறி வெளியேறிவிடுகிறது. வெளியேறிய வெப்பம் மீண்டும் ஒளியாகத் திரும்பி வருவதில்லை. ‘சக்தி தீர்ந்துவிட்டது’ என்று பிள்ளைகள் சொல்வது பிழை. அஃது அழியவில்லை, நமக்குப் பயன்படாத வெப்பமாகப் பரவிவிட்டது. ஆதலால்தான் நாள்தோறும் புதிய வெயில் வேண்டியிருக்கிறது.

இவ்வுண்மையில்தான் நம் பிழைப்பின் வரலாறே அடங்கியிருக்கிறது எனலாம். 1829-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நத்தானியேல் வார்டு என்னும் மருத்துவர், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணில் வைத்து, கண்ணாடிப் புட்டிக்குள் மூடி வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்க்க வேண்டுமென்பதே அவர் ஆவல். பூச்சி வருமுன்னரே அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்துவிட்டன. இலண்டனின் புகையில் வார்டின் தோட்டத்துப் பெரணிகள் வாடி மடிந்துகொண்டிருந்த காலம் அது. மூடிய புட்டிக்குள்ளோ நீராவி கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணில் இறங்கி, யாரும் நீரூற்றாமலே அச்செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. அவர் இதையே பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833-ஆம் ஆண்டில் அத்தகைய பெட்டிகளில் செடிகள் கப்பலேறி, உயிருடன் சிட்னி நகரைச் சென்றடைந்தன. அப்பெட்டிகளைக் கப்பலின் அடித்தட்டில் வைக்கவில்லை. மேல்தளத்தில், வெயில் படும்படி வைத்தார்கள். நீரில்லாமல் மாதக்கணக்கில் செல்லலாம்; ஒளியில்லாமல் செல்ல இயலாது.

1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 இரப்பர் விதைகளை இலண்டனின் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மிகச் சிலவே. அவற்றுள் பெரும்பகுதி அதே ஆண்டில் வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டில், அதாவது 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டு, தோட்டம் போடுமாறு பலரையும் வற்புறுத்திவந்தார். அவர் சொல்லைச் செவிமடுத்தவர்களுள் முதல்வர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் அவர் நட்ட தோட்டமே மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டமாகப் போற்றப்படுகிறது. ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் அசகான் பக்கங்களில் வாழும் நம்மவர்க்கு இஃது அயல்நாட்டுக் கதையன்று. பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததன் காரணமே இதுதான்.

இனி மரத்துக்கு வருவோம். இலையில் ஒளியால் உண்டான சர்க்கரை பட்டைக்கு இறங்கி வந்து, அங்குள்ள பாற்குழாய்களில் இரப்பராகிறது. இதனை நூலில் படிக்காத பால்வெட்டுத் தொழிலாளியும் சம்பள நாளில் படித்திருக்கிறார். ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் மரம் இலையுதிர்த்து நிற்கும்போது மங்கில் பால் குறைகிறது. பால் குறைந்தால் வருமானம் குறைகிறது. 2017-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் காணப்படும் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்னும் பூஞ்சண இலையுதிர் நோயும் பட்டையைத் தாக்கிப் பாலைக் குறைப்பதன்று. இலையைக் கொட்டச் செய்தே குறைக்கிறது. கறுப்புத் துணி போர்த்திய புட்டியில் குமிழி நின்றதும், இலையற்ற நிரையில் பால் குறைவதும் ஒரே காரணத்தால்தான். இதை உங்கள் வாயால், உங்கள் நிரையைக் காட்டிச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

செம்பனைக்கு மாறிய தோட்டங்களிலும், அலோர் காஜா, டுரியான் துங்கால் முதலிய ஊர்களின் வீடமைப்புப் பகுதிகளிலும் வாழ்வோர்க்கு மீன்புட்டியைப் போலவே உதவுவது கோழிக்குஞ்சுப் பெட்டி. உணவின் சக்தி உயிருக்குள் வெப்பமாவதை அங்கே கையால் தொட்டே அறியலாம். கோழியின் உடல்வெப்பம் ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ். பொரித்த குஞ்சுக்கோ தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலிமை இல்லை. முதல் வாரத்தில் அதன் பெட்டி 32 முதல் 35 பாகை வரை இருக்க வேண்டும். முன்னாளில் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதுமானதாக இருந்தது. அதில் புகுந்த மின்சாரத்தில் மிகச் சிறு பங்கே வெளிச்சமாயிற்று; ஏனையதெல்லாம் வெப்பமாயிற்று. வீட்டு விளக்குக்கு அது விரயம். குஞ்சுக்கு அதுவே தாயின் சிறகு. இக்காலத்து எல்.இ.டி. விளக்கு அதே வெளிச்சத்தை மிகக் குறைந்த மின்சாரத்தில் தருவதால், பெட்டி வெளிச்சமாக இருக்கும், குஞ்சுகளோ ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கும். ஆகவே குஞ்சுகளுக்கென்று விற்கப்படும் வெப்ப விளக்கையே வாங்குங்கள். அட்டையிலும் மரத்தூளிலும் படாமல் அதனைப் பெரியவர்களே மாட்ட வேண்டும்.

இவ்வெப்பத்தை முதன்முதலில் அளந்தவர்கள் பிரான்சு நாட்டின் இலவாசியேவும் இலப்பிளாசும் ஆவர். 1783-ஆம் ஆண்டை ஒட்டிய குளிர்காலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பெட்டிக்குள் வைத்து, அதன் உடற்சூட்டால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்று நிறுத்துப் பார்த்தனர். மூச்சு விடுவது சுடரில்லாமல் மெல்ல எரிவதே என்னும் முடிவுக்கு வந்தனர். தோசை என்னவாயிற்று என்ற கேள்விக்கு விடை இதுதான். ஒரு பகுதி உடலாயிற்று. பெரும்பகுதி அசைவாகி, சூடாகி, காற்றில் கலந்தது. நம் பிள்ளைகளுக்குப் பனிக்கட்டி வேண்டா. குஞ்சை ஒரு நிமிடம் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும். பிறகு கையைக் கழுவிக்கொள்ளட்டும்.

பள்ளி விடுமுறை முடிந்து மீனைப் பேண இயலாமற் போனால், அதனை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடாதீர்கள். கப்பி இந்நாட்டு மீனன்று. நம் நீர்நிலைகளின் சிறுமீன்களுக்கு அது போட்டியாகும். அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ மீன் கடைக்காரருக்கோ கொடுத்துவிடலாம். பாசியையும் கால்வாயில் எறிய வேண்டா. வெயிலில் நன்றாகக் காயவைத்து வாழைமரத்தடியில் போட்டுவிடுங்கள்.